‘முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள்’: வன்னி மருந்துக் களஞ்சியத்தில் அறிகுறி பார்த்துப் பிழை தேடும் முறை

கிளினிக் நாளில் எங்கள் வைத்தியசாலை வாசலில் ஆட்களுக்கு முன்பே கொப்பிகள் வரிசையில் நிற்கும். வாங்கில் கொப்பியை அடுக்கிவிட்டு உரியவர்கள் வேப்பமர நிழலில் இருப்பார்கள். முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவரும் அதற்குள் இருப்பார். பதினொரு மணிக்கு மருந்து யன்னலில் அவருடைய முறை வரும்போது நான்கு மருந்தில் மூன்றைக் கொடுத்துவிட்டு, நான்காவதைத் துண்டில் எழுதி நீட்டுவோம். அவர் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். வாங்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தக் குறிப்பு அந்த நான்காவது மருந்தைப் பற்றியது. களஞ்சியத்தைப் புதிதாகப் பொறுப்பெடுக்கும் மருந்தாளருக்காக எழுதுகிறேன்.

மருந்து வரும் வழியை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு கொழும்பில் மருந்தைப் பொறுப்பேற்கிறது. பெரும்பகுதி அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் வழியாக வாங்கப்பட்டது. அங்கிருந்து மாவட்டத்தின் பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவுக்கு வருகிறது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்குக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. பிறகு வைத்தியசாலைக் களஞ்சியம், கடைசியில் யன்னலும் நோயாளர் விடுதி அலுமாரியும். மருந்து இப்படித் தெற்கிலிருந்து வருகிறது. அதை வரவழைக்கும் எண் இதே வழியில் எதிர்த் திசையில் போகிறது: எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு மீதி, எவ்வளவு வேண்டும். லொறி வழியில் நின்றுபோனதை நான் சில தடவைதான் கண்டிருக்கிறேன். எண் வழியில் நின்றுபோவது மாதாமாதம் நடக்கிறது. அதனால் மருந்து இல்லையென்றால், எண் எந்த இடத்தில் அறுந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

தொடங்குமுன் நான்கு இடத்தில் கேளுங்கள், இந்த ஒழுங்கிலேயே: உங்கள் விடுதி அலுமாரிகள், பிராந்தியப் பிரிவு, பக்கத்து வைத்தியசாலை ஒன்று, பிராந்தியப் பிரிவு மூலமாகக் கொழும்பு. நான்கிலும் இல்லையென்றால் ‘நாடு முழுக்க இல்லை’ என்ற பகுதிக்கு நேரே போய்விடலாம். ஓரிடத்திலாவது இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

அறிகுறி: கணினியில் இருக்கிறது, தட்டில் இல்லை

அதிகம் ஏமாற்றுவது இதுதான். எம்.எஸ்.எம்.ஐ.எஸ். என்று நாங்கள் சொல்லும் மருத்துவ வழங்கல் தகவல் தொகுதி வந்த பிறகு, கொழும்பில் இருப்பவருக்கும் எங்கள் இருப்புத் தெரியும் என்ற நிம்மதி எல்லோருக்கும் வந்துவிட்டது. தெரிவது நாங்கள் பதிந்த இருப்பு. தட்டு அவர்களுக்குத் தெரியாது.

ஒரு பிரதேச வைத்தியசாலையில் நான் பதில் கடமைக்குப் போயிருந்தேன். சீனி வருத்தத்துக்கான மெட்போமின் இல்லை என்று மூன்றாவது கிளினிக்காகத் துண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். கணினியைத் திறந்தால் 38,000 குளிசை இருப்பு. தட்டில் இருபது பெட்டி. தட்டோரம் தொங்கிய பின் கார்டை (bin card, ஒரு மருந்தின் வரவு, செலவு, மீதி எழுதும் அட்டை) எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வரி வரியாகப் பின்னோக்கிப் போனேன். கடைசி வரவில் ‘40’ என்று மட்டும் எழுதியிருந்தது. நாற்பது என்ன? பெட்டி. முன்பு வந்த தயாரிப்பு 1,000 குளிசைப் பெட்டி. அந்த முறை வேறு நிறுவனத்தின் தயாரிப்பு, பெட்டிக்கு 100. கணினியில் பதிந்தவர் பழக்கத்தில் ஆயிரத்தால் பெருக்கிவிட்டார். வந்தது 4,000. பதிவானது 40,000. இருபது பெட்டி கொடுத்த பிறகும் கணினிக்குக் கையில் 38,000 இருந்தது. மீதி இருபது பெட்டியில் கிளினிக்குக்கு ஆளுக்கு ஒரு மாதம் கொடுக்க முடியாது என்று, விடுதிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, வெளியே ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தவருக்கோ அந்த வைத்தியசாலை மெட்போமினில் மிதந்துகொண்டிருந்தது. அனுப்புவாரா?

தீர்வு சலிப்பானது, ஆனால் அரை நாளில் முடியும். பொருளை எண்ணுங்கள். பெட்டியாக எண்ணாமல் குளிசையாக, குப்பியாக எண்ணுங்கள். பின் கார்ட், இருப்புப் பேரேடு, கணினி மூன்றையும் பக்கத்தில் வைத்து, மூன்றும் கடைசியாக ஒத்துப்போன நாளைக் கண்டுபிடியுங்கள். பிழை அந்த நாளுக்குப் பிறகுதான் இருக்கும். அதற்கு முன் தோண்ட வேண்டாம். எண்ணைச் சுரண்டி அழிக்காதீர்கள். ஒற்றைக் கோடு, சரியான இருப்பு, திகதி, கையொப்பம், பொறுப்பு வைத்திய அதிகாரியின் ஒப்புதல். பிறகு பின் கார்டின் தலைப்பில் சிவப்பு மையால் ‘அலகு: குளிசை’ என்று எழுதிவிடுங்கள். இந்த இரண்டு சொல் எத்தனையோ பயிற்சிப் பட்டறைக்குச் சமம் என்பது என் கட்சி.

பெருக்கல் பிழை இல்லையென்றால் இன்னும் மூன்று இடம் பாருங்கள். இணையம் அறுந்த நாட்களில் துண்டில் கொடுத்ததைப் பிறகு பதியாமல் விட்டது. விடுதி அலுமாரியில் பதுங்கிய மருந்து. தாதியரைக் குறை சொல்லாதீர்கள், இரவு இரண்டு மணிக்கு மருந்தகம் பூட்டியிருப்பதை அனுபவித்தவர்கள் அவர்கள். மூன்றாவது கைமாற்று: பக்கத்து வைத்தியசாலை அம்புலன்ஸ் சாரதியிடம் வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பி வாங்கிப்போனது. அந்தத் தாள் அநேகமாக யாருடைய மேசைக் கண்ணாடிக்கடியிலோ இருக்கும்.

அறிகுறி: கேட்டதில் பாதிதான் வருகிறது

ஆயிரம் கேட்டால் ஐந்நூறு வருகிறது. அதனால் அடுத்த முறை இரண்டாயிரம் கேட்கிறீர்கள். பிராந்தியப் பிரிவில் இருப்பவரும் இந்த ஊர்க்காரர்தானே, உங்களைத் தெரியாதா? அவர் கால்வாசியாக்குகிறார். இரண்டு வருடத்தில் கோரிக்கைப் படிவத்தில் உள்ள எண்ணுக்கும் நோயாளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் போய்விடும். அடுத்த வருடத்துக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்ற வருடாந்த மதிப்பீடும் அதே எண்ணில்தான் கொழும்புக்குப் போகிறது.

வேர் பெரும்பாலும் இங்கே இருக்கும்: பாவனையைக் கணக்கிடும்போது மருந்து இல்லாதிருந்த நாட்களையும் சேர்த்து வகுத்துவிடுகிறோம். இரத்த அழுத்த மருந்தான லொசாட்டானை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 54,000 குளிசை கொடுத்தீர்கள். ஆறால் வகுத்தால் மாதம் 9,000. ஆனால் அந்த 180 நாளில் 45 நாள் தட்டு காலி. இருந்த நாள் 135. 54,000ஐ 135ஆல் வகுத்தால் நாளுக்கு 400, மாதத்துக்கு 12,000. ஒன்பதாயிரம் என்று எழுதினால், தட்டுப்பாட்டை நாமே அடுத்த ஆறு மாதத்துக்கும் கேட்டு வாங்குகிறோம்.

ஆகவே பின் கார்டில் இருப்பு பூச்சியமான நாளையும் மீண்டும் வந்த நாளையும் தவறாமல் எழுதுங்கள். கோரிக்கையோடு ஒரு வரி சேருங்கள்: ‘இக்காலத்தில் 45 நாள் இருப்பு இல்லை, திருத்திய மாதப் பாவனை 12,000.’ நான் இப்படி எழுதத் தொடங்கிய முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. நான்காவது மாதம் பிராந்தியப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது: “தம்பி, அந்த நாள் கணக்கை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.” அதற்குப் பிறகு என் எண்ணை வெட்டுவது குறைந்தது. ஊதிப் பெருக்காத எண்ணை வெட்ட அவருக்கும் மனம் வராது.

கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வீதியை மறிக்கும் இடங்களுக்குக் கூடுதலாக இரண்டு வார இருப்புக் கேளுங்கள். காரணத்தையும் எழுதுங்கள்.

அறிகுறி: வருடம் முழுக்கச் சரி, காலபோகத்தில் மட்டும் காலி

சராசரி பொய் சொல்லும் இடம் இது. வன்னியில் நோய்க்கும் வயலுக்கும் ஒரே நாட்காட்டி. காலபோகம் என்பது மாரி மழையை நம்பிய நெற்செய்கை: விதைப்பு ஐப்பசியில், அறுவடை தை தொடங்கிப் பங்குனி வரை. சேற்றில் கால் வைக்கும் நாளிலிருந்து எலிக்காய்ச்சல். வரம்பிலும் நெற்சூட்டிலும் பாம்பு.

எலிக்காய்ச்சலைத் தடுக்க, ஆபத்துள்ள விவசாயிகளுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுப்பது வழக்கம். கொடுப்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை; வயலுக்குப் போகிறவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அதே மருந்தை நாங்களும் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் கொடுக்கிறோம். இரண்டு பணிமனை, இரண்டு கோரிக்கை, ஒரே களஞ்சியம். யாருடைய மதிப்பீட்டில் விவசாயியின் குளிசை இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். புரட்டாதி பிறக்குமுன் இருவரும் ஒரு மேசையில் இருந்து ஒரே எண்ணாக எழுதுங்கள். எத்தனை விவசாயி, எத்தனை வாரம், வாரத்துக்கு 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. கமநல சேவை நிலையத்தில் விவசாயிகளின் பதிவு இருக்கிறது. மருந்துக்கு அங்கேயும் போகலாம் என்று நமக்குத்தான் தோன்றுவதில்லை.

பாம்பு விச எதிர்மருந்தில் சராசரி என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். இங்கே பாவிப்பது இந்தியாவில் தயாராகும் பலவகை எதிர்மருந்து. நாகம், கட்டுவிரியன், சுருட்டை விரியன், நாங்கள் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியன் ஆகிய நான்குக்கும் அது ஒன்றுதான். ஒரு கடிக்குப் பத்துக் குப்பியில் தொடங்க வேண்டிவரும். புடையனுக்கு அதற்கு மேலும் போகும். வருடத்துக்கு முப்பத்தாறு குப்பி முடிந்தது, எனவே மாதம் மூன்று என்று எழுதி, தட்டில் மூன்று வைத்திருந்தால் அது யாருக்கும் உதவாது. இதைக் குப்பியாக எண்ணாமல் ஆளாக எண்ணுங்கள். ஒரே இரவில் இரண்டு பேர் வந்தால் சமாளிக்க முடியுமா? முடியாதென்றால் இருப்புக் குறைவு, போதும் என்று கணினி பச்சை நிறம் காட்டினாலும். எதிர்மருந்து கொடுத்து ஒவ்வாமையைக் கவனிக்க வசதியில்லாத சிறு நிலையத்தில் அதை வைப்பதைவிட, அடுத்த ஆதார வைத்தியசாலையில் இரட்டிப்பாக வைத்துவிட்டு, அம்புலன்ஸ் எண்ணைச் சுவரில் ஒட்டுவது மேல். எதை எங்கே வைப்பது என்பதைக் காலபோகத்துக்கு முன்பே வைத்திய அதிகாரிகள் கூடித் தீர்மானிக்கட்டும்.

அறிகுறி: யாழ்ப்பாணத்தில் எழுதிய மருந்து இங்கே எப்போதும் இல்லை

நெஞ்சு நோவென்று போய், யாழ் போதனா வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பியவர் கொப்பியில் ஏழு மருந்தோடு வருவார். இனி உங்கள் ஊர்க் கிளினிக்கில் எடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதில் இரண்டு எங்கள் தட்டில் எப்போதுமே இருந்ததில்லை.

காரணம் நிருவாகம். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ், பிராந்தியப் பிரிவிலிருந்து எடுக்கிறது. இரண்டு குழாயும் கொழும்பில் ஒரே தொட்டியிலிருந்து வந்தாலும், வைத்தியசாலையின் தரத்துக்கேற்ப மருந்துப் பட்டியல் மாறும். நோயாளி ஒரு குழாயிலிருந்து மற்றதற்கு மாறினார். அவருடைய மருந்து மாறவில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள். சில நேரம் கொப்பியில் இருப்பது வணிகப் பெயர். அதே மருந்து மூலப் பெயரில் உங்கள் தட்டிலேயே இருக்கும். பேராசிரியர் செனக பிபிலே 1971இல் மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து மூலப் பெயரில் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தனியார் கிளினிக் துண்டுகளுக்கு அது இன்னும் எட்டவில்லை. பெயர் சரியாக இருந்தும் மருந்து பட்டியலில் இல்லையென்றால், ஒரு கொப்பி வாங்கி ‘வெளி மருந்து’ என்று தலைப்பிட்டு, நோயாளி, மருந்து, மாத அளவு மூன்றையும் எழுதுங்கள். மாத இறுதியில் அதைப் பிராந்தியப் பிரிவுக்கு அனுப்புங்கள். பதினைந்து பேருக்கு ஒரே மருந்து வேண்டும் என்று எழுத்தில் இருந்தால் அது அடுத்த மதிப்பீட்டில் ஏறும். யன்னலில் பதினைந்து முறை ‘இல்லை’ என்று சொன்னது எங்கும் ஏறாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிலர் இரண்டு இடத்திலும் கிளினிக் கொப்பி வைத்திருப்பார்கள். திட்டாதீர்கள். ஓரிடத்தில் இல்லையென்றால் மற்ற இடத்தில் இருக்கும் என்பது அவர்களுடைய சேம இருப்பு. 2006இல் போரில் யாழ்ப்பாண வீதியின் முகமாலைச் சோதனைச்சாவடி மூடி, மருந்தும் எண்ணி எண்ணி வந்த காலத்தைப் பார்த்தவர்கள் ஒரு பட்டை கூடுதலாக வைத்திருக்கத்தான் செய்வார்கள். இரண்டு நிலையமும் மாதம் ஒரு முறை பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டால் போதும்.

அறிகுறி: இன்சுலின் போட்டும் சீனி இறங்கவில்லை

இது வைத்தியரின் பிரச்சினை என்றுதான் வழக்கமாக விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரே மாதத்தில் நான்கைந்து பேருக்கு நடந்தால் களஞ்சியத்தின் பிரச்சினை. குளிர்சாதனப் பெட்டிக்குப் போங்கள்.

கதவில் ஒட்டிய வெப்பநிலைத் தாளைப் பாருங்கள். காலை 4, மாலை 4, காலை 4, மாலை 4, ஒரே பேனை, ஒரே சாய்வு, இரண்டு மாதம். அந்தப் பெட்டியின் வெப்பநிலையை யாரும் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. உண்மையான தாள் அழுக்காக இருக்கும். மின்வெட்டு நாளில் 9 இருக்கும்.

2 முதல் 8 பாகை செல்சியஸ். வெயிலில் கெடும் என்று எல்லோரும் பயப்படுகிறோம். உறைந்து கெடுவதை மறந்துவிடுகிறோம். உறைகுளிர்த் தட்டோடு ஒட்டிக் கிடந்த குப்பி உறைந்து பிறகு உருகியிருந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வீசத்தான் வேண்டும். பின் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கீழ்த் தட்டில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்குங்கள். மின்வெட்டில் அவைதான் குளிரைப் பிடித்து வைக்கும். கதவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். தடுப்பூசி வேறு நிரலில், வேறு பெட்டியில் வருகிறது. நம்முடைய பெட்டி பழுதாகும் நாளில் இன்சுலினை எங்கே கொண்டுபோவது என்று சுகாதார வைத்திய அதிகாரியோடு முன்கூட்டியே எழுத்தில் பேசிவையுங்கள். பழுதான இரவில் பேசத் தொடங்கினால் விடிந்துவிடும்.

அறிகுறி: பக்கத்து வைத்தியசாலையில் காலாவதியாகிறது, உங்களிடம் இல்லை

ஆறு மாதத்துக்குள் முடியும் மருந்துகளின் பட்டியலை மாதத்தின் முதல் வாரத்தில் பிராந்தியப் பிரிவுக்கும் அயல் நிலையங்களுக்கும் அனுப்புங்கள். கொடுக்க மனமில்லாமல் பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. காலாவதி எழுதித் தள்ளும்போது வரும் விசாரணையை நினைவூட்டினால் மனம் வரும். முந்தி முடிவது முந்திப் போக வேண்டும். புதுப் பெட்டியை முன்னால் வைப்பது நம் கைப்பழக்கம், அதை மாற்றுங்கள். நன்கொடை மருந்து வந்தால், நாட்டுக்குள் வரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் இருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை மரியாதையோடு சொல்லுங்கள்.

அறிகுறி: நாடு முழுக்க இல்லை

2022இல் டொலர் இல்லாமல் போனபோது இப்படித்தான் இருந்தது. அப்போது எந்தப் பின் கார்டும் உதவவில்லை. இந்நிலையில் செய்யக்கூடியது மூன்று. உயிர்காக்கும் மருந்து, அவசியமானது, இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரித்து, உள்ளூர்க் கொள்வனவுக்கான பணத்தை முதல் பிரிவுக்கு மட்டும் செலவிடுங்கள். மாற்று மருந்தை வைத்தியர் தீர்மானிக்கட்டும். யன்னலில் நாம் தீர்மானிக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு வாரம் கொடுத்தால் எல்லோருக்கும் வரும். ஆனால் கொக்கிளாயிலிருந்து வருபவருக்கு அது இரட்டைப் பஸ் செலவு. தூரத்து ஆளுக்கு ஒரு மாதம், பக்கத்து ஆளுக்கு இரண்டு வாரம் என்று நான் கொடுத்தேன். முறையீடு வந்தது. வரட்டும்.

அறிகுறி: தட்டு நிறைந்திருக்கிறது, யாரும் முறையிடவில்லை

இதை ஏன் பிழையில் சேர்க்கிறேன் என்று கேட்பீர்கள். மாதம் 12,000 போன லொசாட்டான் திடீரென்று 8,000தான் போகிறது, தட்டில் மீதி. கணினி பச்சை. மேலிடம் பாராட்டும்.

கிளினிக் பதிவேட்டை எடுத்து, மூன்று மாதத்துக்கு முன் வந்தவர்களின் இலக்கங்களை இந்த மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பார்த்தபோது, மருந்து இல்லையென்று இரண்டு முறை துண்டு வாங்கிப்போனவர்களில் பலர் அதன்பின் வரவேயில்லை. மருந்து பிறகு வந்துவிட்டது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாவனை குறைந்ததென்று எண்ணைக் குறைத்தால், அவர்கள் திரும்பி வரும் நாளில் மீண்டும் துண்டுதான்.

வராதவர்களின் பட்டியலைக் கிராம அலுவலர் பிரிவுவாரியாகப் பிரித்து, குடும்பநல உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கொடுங்கள். அவர்கள் எப்படியும் அந்த ஒழுங்கையால் போகிறவர்கள். ‘மருந்து வந்திருக்கிறது, கிளினிக் செவ்வாய்க்கிழமை’ என்ற செய்தி போதும். அவர்கள் வந்து இரண்டு கிளினிக் முடியும் வரை கோரிக்கையில் பழைய 12,000ஐயே வைத்திருங்கள். யாராவது கேட்டால் பட்டியலைக் காட்டுங்கள். என் பட்டியலில் முதல் பெயர் அந்த முத்தையன்கட்டுக்காரருடையது. மூன்றாவது செவ்வாய் வந்தார். சட்டைப் பையிலிருந்து பழைய துண்டை எடுத்து யன்னலில் வைத்து, “இது இன்னும் செல்லுமா தம்பி?” என்று கேட்டார்.